இடைக்காலக் கணவர்

தன் மனைவிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறது என்ற சேதி, குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிய வந்தது.

"ஏங்க, இன்னைக்குக் கழகத்துல சொன்னாங்க," என்றாள் அவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல். "எனக்கு அங்க ஒரு வீட்டுக்காரர் இருந்தாராம்."

"எங்க?"

"ஆழிநாட்டுல."

"எப்ப?"

"பன்னெண்டாயிரத்து நானூறு வருஷம் ஆச்சாம்."

அவன் வாஷரைத் துடைத்துப் பொருத்தினான். பன்னிரண்டாயிரம் வருஷம் என்பது யாரையும் மன்னித்துவிடக்கூடிய இடைவெளிதான். "சரி விடு, போனது போகட்டும்," என்று பெருந்தன்மையாகச் சொன்னான்.

"போகலையாம். இன்னும் செல்லுமாம். அவரும் நம்ம கழகத்துலதான் இருக்காரு. நீச்சல் கோச்."

ஸ்பேனர் அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது.

ஆழிநாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆழிநாடு கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு நாடு. இருந்தது என்று சொன்னால் கழகத்தில் கோபித்துக்கொள்வார்கள். அது இருக்கிறது, மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே வாழ்ந்தவர்கள் எல்லாம் அறிந்தவர்கள். நோய் கிடையாது, சண்டை கிடையாது, முக்கியமாகப் பொறாமை கிடையாது. ஒருநாள் மத்தியானம் நாடு முழுகிப்போனது. அதன் ஞானம் மட்டும் தண்ணீரோடு கலந்து, ஆவியாகி, மேகமாகி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்றுக்கொண்டிருந்த ஒருவருக்குள் போய் இறங்கியது. அவர் மெஷினை விட்டுவிட்டு ஆழிநாட்டு மெய்ஞ்ஞானக் கழகத்தை ஆரம்பித்தார். கழகத்தில் புதிதாகச் சேருகிறவருக்குத் 'துளி' என்று பெயர். நாளடைவில் சிற்றலை ஆகலாம், அலை ஆகலாம். பேரலை ஒருவர்தான். அது அவர்.

மெக்கானிக்கின் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு நேராக நின்று, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவள் பிழைப்பு. அப்படி ஒரு வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸைத்தான் ஆறு மாதத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். போகலாமா வேண்டாமா என்று அவளே இழுத்துக்கொண்டிருந்தபோது, "போயிட்டு வாயேன், வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ணப்போற?" என்று தள்ளிவிட்டது இவன்தான். வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் டி.வி. ரிமோட் தன் கைக்கு வரும் என்பது அவன் கணக்கு. இப்போது நினைத்தால் அவனுக்குத் தன்னையே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு முன்னால் அவன் கிளம்பி நின்றான்.

கழகம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே எக்ஸ்ரே எடுக்கும் இடம், நடுவில் டைப்பிங் வகுப்பு. லிஃப்ட் வேறு கம்பெனியுடையது. கதவு சாத்தும்போது ஒருதரம் உதறியது, மூன்றாவது மாடியில் தரைக்கு நான்கு விரல் கீழேயே நின்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே கழகத்தின் மேல் அவனுக்கு மதிப்பு போய்விட்டது.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, வாயைக் குவித்து 'புளுக்' என்று காற்றை விட்டார்கள். அதுதான் ஆழிநாட்டு வணக்கமாம். அவன் மனைவியும் 'புளுக்' என்றாள். பதினான்கு வருஷம் கூடவே குடும்பம் நடத்தியும் அவளுக்கு அப்படி ஒரு சத்தம் போடத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது.

பதிவாளர் அம்மாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "இன்னைக்கு முடியாது" என்று சொல்வதில் இருக்கும் சுகத்தை மட்டும் கூடவே எடுத்து வந்திருந்தார்.

"மேடம், நான்தான் இவளோட வீட்டுக்காரர்," என்றான் மெக்கானிக்.

அந்த அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். "அவர் ஹாலுக்குள்ள இருக்காரே?"

"அது அந்தக் காலத்துல. நான் இப்ப இருக்கிறவன்."

"ஓ, நீங்களா? உட்காருங்க, உட்காருங்க. உங்களை நாங்க மறுக்கவே இல்லையே. உங்களுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கோம்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவன் சட்டைப் பையில் குத்திவிட்டார். அதில் 'இடைக்காலக் கணவர்' என்று அச்சடித்திருந்தது. கையால் எழுதவில்லை, அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஆழிநாட்டுல கல்யாணம் பண்ணும்போது 'கடல் வத்துற வரைக்கும்'னு சொல்லித்தான் கை பிடிப்பாங்க. கடல் வத்திடுச்சா?"

"இல்ல."

"அப்ப கல்யாணம் அமல்ல இருக்கு. நடுவுல இவங்க பெரிய மனசு பண்ணி உங்களை வச்சுக்கிட்டிருக்காங்க. அதான் இடைக்காலம்."

"இந்த இடைக்காலம் எத்தனை நாளைக்கு?"

"கவலையே படாதீங்க. உங்க ஆயுசு வரைக்கும்தான். எங்க கணக்குல அது ரொம்பச் சின்னப் பொழுது."

இவள் என்ன சொன்னாள், எதை வைத்து அந்த ஆளோடு முடிச்சுப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும் என்றான். வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது, ஆனால் ஆழிநாட்டில் வாழ்ந்தவர்கள்தான் கோப்பைப் பார்க்கலாம் என்றார் அந்த அம்மாள். சரி, அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி மனுவாவது போடுகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தான். அந்த அம்மாள் அதை வாங்கி ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். கழகத்தில் எந்தக் காகிதத்தையும் முதலில் முழுக வைத்துத்தான் பதிவு செய்வார்கள். அவன் பேனா மை அத்தனையும் கரைந்து வாளியோடு போயிற்று.

"பென்சில்ல எழுதிட்டு அடுத்த வாரம் வாங்க," என்றார், முகமெல்லாம் மலர்ச்சியாக.

அவனைப் பார்வையாளர் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து ஹால் முழுக்கத் தெரிந்தது. சுவரில் உறுப்பினர் பட்டியல் தொங்கியது. நூற்று நாற்பது பேர். அதில் பதினோரு பேர் ஆழிநாட்டு அரசி. ஒரே சமயத்தில் பதினோரு அரசி எப்படி என்று எவனோ கேட்டிருப்பான் போல, பக்கத்திலேயே கிழமை போட்டு ஷிப்ட் பிரித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஐந்து அரசி. இருபத்திமூன்று பேர் தலைமைக் குரு. ஒன்பது பேர், நாடு முழுகப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தவர்கள். அங்கே பெருக்கித் துடைத்தவர், மீன் விற்றவர், சாக்கடை அள்ளியவர் என்று தேடிப் பார்த்தான். ஒருத்தரும் இல்லை. இத்தனை சுத்தமான ஊர் எப்படி முழுகியது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

நீச்சல் கோச் மூன்றாவது வரிசையில் இருந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். இரண்டு நாற்காலிக்கு ஒரே தோள். மெக்கானிக்கின் மனைவி அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். அது விதிப்படி அவளுக்கு ஒதுக்கிய இடம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் முங்க ஆரம்பித்தார்கள், அதாவது அப்படியே உட்கார்ந்தபடி மனசால் கடலுக்குள் இறங்கினார்கள். அவள் முகத்தில் மெள்ள மெள்ள ஒரு சிரிப்பு வந்தது. உதட்டோரம் மட்டும் வரும் சிரிப்பு. இவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிரிப்பையே பார்த்தான். வயிற்றெரிச்சல் என்று சொல்வார்களே, அது உண்மையிலேயே வயிற்றில்தான் எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

பேரலை சுழல் நாற்காலியில் சுற்றியபடி உரையாற்றினார்.

"ஆழிநாட்டுக்கு ஆதாரம் எங்கேன்னு கேக்கறாங்க. ஒண்ணுமே கிடைக்கலங்கறதுதான் ஆதாரம்! ஒரு பானை, ஒரு செங்கல் மேல வந்து மிதந்திருந்தா எங்க மேல நீங்க சந்தேகப்படலாம். ஒரு துரும்புகூட மிதக்கல. அவ்வளவு முழுமையான நாகரிகம். முழுகப்போறது அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். கமிட்டி போட்டாங்க. கமிட்டி உட்கார்ந்து பேசிட்டிருக்கும்போதே தண்ணி மேஜை வரைக்கும் வந்துடுச்சு. ஆனா ஒருத்தராவது எழுந்தாங்களா? எழுந்திருக்கல! ஆழிநாட்டுல யாருக்கும் எதுக்கும் அவசரம் கிடையாது."

"அதான் முழுகிட்டாங்களா?" என்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மெக்கானிக்கின் குரல்தான். நூற்று முப்பத்தொன்பது பேர் திரும்பி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவன் மனைவி மட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு ஆரம்பித்தான்.

"அப்படி என்ன சிரிப்பு உனக்கு?"

"சிரிச்சேனா?"

"சிரிச்ச. நான் பார்த்தேன்."

"ஏதோ ஞாபகம் வந்திருக்கும்."

"அந்த ஆளு ஞாபகமா?"

"ஆமா," என்றாள், ஒளிவுமறைவு இல்லாமல். பிறகு துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவன் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் நீச்சல் குளத்துக்குப் போய்க் கம்பி வலைக்குப் பின்னால் நின்றான். கோச் தண்ணீருக்குள் இருந்தார். குளத்தின் இந்தக் கடைசியில் முங்கி அந்தக் கடைசியில் எழுந்தார், மூச்சுகூட வாங்கவில்லை. நம் மெக்கானிக்குக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் தலை சுற்றும்.

கோச் இவனைப் பார்த்துவிட்டுத் துண்டோடு ஓடி வந்தார். "சார், நீங்கதானே இடைக்காலம்? அன்னைக்கே பேசணும்னு நெனச்சேன். எப்படி சார் இருக்காங்க அவங்க? நல்லா பார்த்துக்கறீங்களா?"

"யாரை?"

"உங்க மிஸ்ஸஸைத்தான். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு எதுவும் மனசுல இல்ல. பன்னெண்டாயிரம் வருஷம் ஆச்சு. நான் எப்பவோ ஆறிட்டேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த ஊரிலும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. "பார்த்துக்கறேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தான். அந்த ஆள் கெட்டவனாக இருந்திருந்தாலாவது ஓங்கி ஒன்று விட்டிருக்கலாம். நல்லவனாக இருந்து தொலைத்தான்.

பென்சிலில் எழுதிய மனுவோடு அடுத்த வாரம் போனபோது புதிய சிக்கல் வந்தது. கோப்பைப் பார்க்க மட்டுமல்ல, மனு போடவும் மனுதாரர் ஆழிநாட்டில் வாழ்ந்திருக்க வேண்டுமாம். வாழாத ஆள் கொடுத்த மனு காற்றில் எழுதியதற்குச் சமமாம்.

"நான் அங்க இருந்தேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"முங்கிப் பார்க்கணும்," என்றார் பதிவாளர் அம்மாள்.

ஈரப் பாயில் படுக்க வைத்து, முகத்தில் ஈரத் துண்டைப் போட்டு, செல்போனில் கடல் இரைச்சலை ஓடவிட்டார்கள். நடுவில் ஒரு பற்பசை விளம்பரம் வந்து போயிற்று. அந்த அம்மாள் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, "என்ன தெரியுது?" என்று கேட்டார்.

அன்று காலையில்தான் ஒரு துணிக்கடை லிஃப்ட் குழியில் ஊறி நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு வந்திருந்தான். கண்ணை மூடினால் வேறு என்ன தெரியும்? "குழி," என்றான். "ஆழமான குழி. கீழ தண்ணி நிக்குது."

"அப்புறம்?"

"மேலேர்ந்து வெளிச்சம் விழுது. நடுவுல கம்பி வடம் தொங்குது. அதுல கை வழுக்குது, கிரீஸ்."

அந்த அம்மாளின் பென்சில் பறந்தது. 'பாதாளக் கோயில். விண்ணொளி. புனிதக் கயிறு. திருநெய்.' எழுதி முடித்ததும் அவரே எழுந்து நின்று கன்னத்தை உப்பவைத்து 'புளுக்' என்றார். "ரொம்ப நாளா காலியா இருந்த இடம் நிரம்பிடுச்சு. எல்லாரும் அரசி, குருன்னு போயிட்டாங்க, இந்த வேலைக்கு ஆளே வரல. கோயில்ல கயிறு பிடிச்சு ஜோடி சேர்த்து வைக்கிறவர் நீங்கதான். மணம் முடிப்பவர்!"

"யாருக்கு?"

பதிவேட்டைப் புரட்டினார். "ஆழிநாட்டுல நடந்த எல்லாக் கல்யாணத்தையும் நீங்கதான் முடிச்சு வச்சிருக்கீங்க. உங்க மிஸ்ஸஸ் கல்யாணம் உள்பட."

ரத்து செய்யச் சொல்லி வந்த கல்யாணத்தைத் தன் கையாலேயே நடத்தி வைத்தவன் என்று முத்திரை குத்திக்கொண்டு நிற்கிறான். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தவன், அந்த அம்மாள் அடுத்துச் சொன்னதைக் கேட்டு மூடிக்கொண்டான்.

"இனிமே உங்க மனு செல்லும். விசாரணை அன்னைக்கு மணப்பெண் வாக்குமூலத்தை மணம் முடிப்பவர்தான் சபையில வாசிக்கணும். அது விதி."

எப்படியோ கோப்பு கைக்கு வந்தால் போதும். அதில் அந்த ஆளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ, அதை ஒவ்வொன்றாகப் பிடித்து இல்லை என்று ஆக்கிவிடலாம். அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். அவள் வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் அவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம் கழகத்தின் நீதிமன்றமான ஆழி மன்றம் கூடியது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். ஒரு பக்கம் கோச், சட்டை அயர்ன் செய்து வந்திருந்தார். இன்னொரு பக்கம் மனைவி, கடையிலிருந்து நேராக வந்ததால் கழுத்தில் கடை அட்டை தொங்கியது. மெக்கானிக்கின் தோளில் நீல வேட்டி ஒன்றைப் போர்த்தி, கையில் ஒரு கயிற்றுத் துண்டையும் கொடுத்து நிற்க வைத்தார்கள். எச்சரித்தவர்கள் ஒன்பது பேரும் முன் வரிசை. செவ்வாய்க்கிழமை அரசிக்குப் பின் வரிசையில் இடம் போட்டுவிட்டார்கள் என்று கால் மணி நேரம் தகராறு நடந்தது.

"மனுதாரரே, இந்தக் கல்யாணத்தை நீங்கதான் நடத்தி வச்சீங்க. இப்ப ஏன் ரத்து பண்ணச் சொல்றீங்க?" என்று பேரலை கேட்டார்.

"ஜோடிப் பொருத்தம் சரியில்லைங்க," என்றான்.

சபை முணுமுணுத்தது. பேரலை தலையாட்டிவிட்டு வாக்குமூலத்தை வாசிக்கச் சொன்னார். கோப்பு தண்ணீரில் முக்கிக் காய்ந்ததில் அப்பளம் போல நெளிந்திருந்தது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள், வலது பக்கம் கழகத்தின் விளக்கம். அவன் வாசித்தான்.

"'ஒரு சின்ன அறை. நான் தனியா மாட்டிக்கிட்டேன். இருட்டு.' விளக்கம்: முழுகிக்கொண்டிருக்கும் அரண்மனைக் கோபுரம்."

கோச் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'அழுதுட்டிருந்தேன். மேலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. ஆளு தெரியல, குரல் மட்டும்தான்.' விளக்கம்: நீச்சல் வீரர் நீர்மட்டத்துக்கு மேலிருந்து அழைக்கிறார். 'பயப்படாதீங்க, கரண்டு வந்ததும் வெளிய வந்துடலாம்னு சொன்னார்.' விளக்கம்: கரண்டு என்பது கடல் நீரோட்டம்."

வாசித்துக்கொண்டே போனவனுக்குக் குரல் கொஞ்சம் மெதுவாகியது.

"'கரண்டு வர்ற வரைக்கும் பேசிட்டே இருந்தார். நாப்பது நிமிஷம். வேலைக்கு முதல் நாளான்னு கேட்டார். என்ன கலர் புடவைன்னு கேட்டார், இருட்டுல அவருக்குத் தெரியாதில்ல. மஞ்சள்னு சொன்னேன். அப்ப டார்ச்சே வேண்டாம்னு சொன்னார். நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.' விளக்கம்..."

விளக்கத்தை அவன் வாசிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனான்.

"'கதவு பாதி திறந்துச்சு. முதல்ல கைதான் தெரிஞ்சுது. கையெல்லாம் கறுப்பு. சட்டையில துடைச்சிட்டு நீட்டினார். அந்தக் கையைப் பிடிச்சேன்.'"

"கறுப்பு என்றால் கடற்பாசி," என்று பதிவாளர் அம்மாள் எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல," என்றான் மெக்கானிக். "கிரீஸ். இது நான்."

பேரலை நாற்காலியை நிறுத்தினார். "எல்லா இடைக்காலக் கணவரும் கடைசியில இதைத்தான் சொல்றாங்க."

"யோவ், இது நான்யா! லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா. நான்தான் மேல மெஷின் ரூம்ல இருந்தேன். பதினஞ்சு வருஷம்கூட ஆகல!"

"தண்ணிக்குள்ள பார்த்தா எல்லாமே கொஞ்சம் வளைஞ்சுதான் தெரியும்," என்றார் பேரலை. "பதினஞ்சு, பன்னெண்டாயிரமா தெரியறது சகஜம்."

"அவளையே கேளுங்க!"

நூற்று முப்பத்தொன்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணை மூடச் சொன்னாங்க, என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. எனக்கு எப்பவும் தெரியறது அதுதான். சொன்னேன். பேரு போட்டது நீங்கதான்."

கோச் எழுந்து நின்றார். பாவம், அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. "எனக்கு முதல்லேர்ந்தே ஒரு டவுட் இருந்துச்சு சார். நாப்பது நிமிஷம் பேசற ஆளே இல்ல நான்."

பேரலை கண்ணை மூடி முங்கினார். சரியாக ஒரு நிமிஷம் கழித்து எழுந்து தீர்ப்புச் சொன்னார். "மணம் முடிப்பவரே மணமகன் என்றால், தனக்குத் தானே கல்யாணம் செய்து வைத்துக்கொண்டார் என்று ஆகிறது. அதற்கு ஆழிநாட்டுச் சட்டத்தில் இடம் உண்டா என்றால், சட்டமும் முழுகிவிட்டது. ஆகையால் தடை இல்லை. தன் மேலேயே மனு போட்ட குற்றத்துக்காக மனு தள்ளுபடி. இடைக்காலம் இன்றோடு ரத்து. இவர் இனிமேல் நிரந்தரம்."

சபை முழுக்க 'புளுக்' என்றது. பதிவாளர் அம்மாள் அவன் சட்டையிலிருந்த அட்டையைப் பிடுங்கி வாளிக்குள் போட்டார். ஒன்பது பேரும், இப்படித்தான் முடியும் என்று நாங்கள் எச்சரித்தோமே என்றார்கள். செவ்வாய்க்கிழமை அரசி கோச்சைப் பார்த்து, உங்களுக்கு இப்போது யாரும் இல்லையா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

மெக்கானிக் ஜெயித்துவிட்டான். அந்த லிஃப்டில் ஏற மாட்டேன் என்று மூன்று மாடியும் படியிலேயே இறங்கினான், இரண்டிரண்டாகத் தாண்டி. தெருவுக்கு வந்தும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் வயிறெரிந்து செத்தது யாரைப் பார்த்து? தன்னைப் பார்த்தே! நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது.

"அந்த ஆளு நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ?"

"நீங்க கேட்கவே இல்லையே. யாரு அந்தக் கோச், எவ்வளவு உயரம், எங்க வேலை, அதைத்தானே கேட்டீங்க."

"சரி, விடு. எல்லாம் முடிஞ்சுது. இனிமே இங்க வர வேண்டிய வேலையே இல்ல."

"வியாழக்கிழமை வருவேன்," என்றாள்.

"எதுக்கு? கேஸ்தான் முடிஞ்சுடுச்சே?"

அவள் பஸ் நிறுத்தத்து இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். கடையில் யாருக்கோ பவர் எவ்வளவு என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அங்க போய்க் கண்ணை மூடினாத்தான் அன்னைக்கு லிஃப்ட்ல பேசினவரைப் பார்க்க முடியுது. ரெண்டு மணி நேரம் பேசிட்டிருக்கலாம். வீட்டுல வந்து யாருகிட்ட பேசறது? நீங்க சாவி எங்க, சாப்பாடு ரெடியா, ரிமோட் எங்கன்னு மூணு கேள்வி கேப்பீங்க."

இல்லை என்று சொல்ல ஒரு நாலாவது கேள்வியைத் தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. கோச்சோடு போட்டி போடுவதென்றால் எப்படியோ நீச்சலாவது கற்றுக்கொள்ளலாம். இந்தப் பயலோ லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருந்த இருபத்தேழு வயசுக்காரன். முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம் நாற்பது நிமிஷம் வாய் மூடாமல் பேசியிருக்கிறான், அழுகிறவளைச் சிரிக்க வைத்திருக்கிறான். பதினைந்து வருஷமாக அவள் கண்ணை மூடினால் அவன்தான் வந்து நிற்கிறான். வீட்டில் கூடவே இருக்கிறவனுக்கு அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூடக் கிடையாது. அவன் மேல் எங்கே போய் மனு கொடுப்பது?

மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவன் வேற என்னெல்லாம் சொன்னான்?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். உண்மையாகவே கேட்கிறானா என்று கண்ணாடி வழியாக ஒருதரம், கண்ணாடிக்கு மேலே ஒருதரம் பார்த்தாள்.

"நிஜமாவே உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"இல்ல," என்றான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பஸ் வந்து போனது, இரண்டாவதும் போனது. அவன் சொன்ன ஜோக்குகள், கேட்ட கேள்விகள், மேலே உட்கார்ந்துகொண்டு தப்புத் தப்பாகப் பாடிய ஒரு பாட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். உதட்டோரம் அந்தச் சிரிப்பு வந்தது. மெக்கானிக் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் அவனுக்கு வயிறு எரிந்தது.